தம்கட்டியின் கணப்பு

மலை உச்சியில் இருக்கும் காற்று நிலையத்துக்கு இயக்குநர் ஒருமுறை காரில் வந்தார். வந்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பாதி மலை வரைதான் வந்தார். அங்கே சாலைக்குக் குறுக்கே ஒரு சங்கிலி. சங்கிலிக்கு அந்தப் பக்கம், கம்பளித் தொப்பி போட்ட பராமரிப்பாளர்.

"இதுக்கு மேல வண்டி வராது சார்."

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"நல்லாத் தெரியும் சார். ஆனா கார் உங்களுதா, வேற யாருதான்னு மேல இருக்கிற கருவிக்குத் தெரியாதே."

இயக்குநர் நடந்தார். உச்சிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "அந்தப் பக்கம் போய் நின்னு வாங்குங்க சார். இங்க விட்டா நேரா குழாய்க்குள்ள போகும்" என்று இடம் காட்டியதும் இதே பராமரிப்பாளர்தான். இயக்குநர் கீழே போய் இவரைப் பாராட்டி ஒரு கூட்டத்தில் பேசியதாகக் கேள்வி. பாராட்டாமல் என்ன செய்வார்? தன்னையே நடக்க வைத்தவனைத் திட்டினால் நிலையத்துக்கு அர்த்தமில்லாமல் போய்விடுமே.

அங்கே அளப்பது கரியமில வாயுவை. நாம் வண்டியை முடுக்கினால் வருவது, அடுப்பை மூட்டினால் வருவது, சும்மா ஒரு விளக்கைப் போட்டால்கூட எங்கோ ஒரு மின்நிலையத்தின் புகைபோக்கி வழியாக வருவது. கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உச்சியில் நிற்கும் கம்பத்தின் தலையில் ஒரு குழாய் காற்றை உறிஞ்சி, அறைக்குள் இருக்கும் கருவிக்கு அனுப்பும். கருவி அதைத் திரையில் ஒரு கோடாக இழுக்கும். அந்தக் கோடு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. இறங்கும் உத்தேசம் அதற்கு இல்லை.

நிலையத்துக்கு வேண்டியது விசேஷமான காற்று. யாருடைய அடுப்பிலிருந்தும் நேராக வந்திருக்கக் கூடாது. எல்லாருடைய அடுப்பிலிருந்தும் வந்து, கடல்மீதும் காட்டின்மீதும் அலைந்து, நன்றாகக் கலந்து, யாருடையது என்று சொல்ல முடியாததாக இருக்க வேண்டும். அப்போதுதான் அது உலகத்தின் காற்று. பக்கத்தில் எவனாவது தீக்குச்சி கிழித்தால் அது அவன் காற்று.

ஊரில் பராமரிப்பாளருக்குப் பெயர் 'தம்கட்டி'. காரணம் இருக்கிறது. கருவி போதாதென்று, வாரம் ஒருமுறை கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்துத் தொலைதூர ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நாம் விடும் மூச்சில் வெளிக்காற்றில் இருப்பதைப்போல நூறு மடங்கு கரியமில வாயு. அதனால் குடுவையைத் திறக்கிறவர் காற்றுக்கு எதிராக முகம் காட்டி நின்று, ஆழமாக மூச்சை இழுத்து, தம் கட்டி, கையை நீட்டித் திருகைத் திறந்து, மூடி, அப்புறம் நாலெட்டு நகர்ந்துபோய் மூச்சு விட வேண்டும். தொலைவிலிருந்து பார்த்தால் யாரோ வானத்திடம் பாட்டிலை நீட்டிக் கடன் கேட்பதுபோல இருக்கும். ஊர்க்காரர்கள் பார்த்தார்கள், பெயர் வைத்தார்கள். அவருக்கு அதில் கோபமில்லை. பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

பட்டம் கிடைத்தவர் சும்மா இருப்பாரா? மலையில் குளிருக்கு இரண்டு சுள்ளி பற்றவைத்த புதுமணத் தம்பதியை, நெருப்பில் தண்ணீர் ஊற்றி எழுப்பி அனுப்பினார். மின்கம்பி பழுதுபார்க்க வந்தவரின் சிகரெட்டைக் கம்பத்தின் பாதியில் இருக்கும்போதே அணைக்கச் சொன்னார். பேத்தியின் பிறந்தநாளில் கேக்கின்மேல் மெழுகுவத்திகளைப் பார்த்து, "ஒண்ணு போதாதா?" என்று கேட்டார். அது மலைகூட இல்லை, அடிவாரத்தில் சம்பந்தி வீடு.

சம்பந்திதான் அந்த ஊரின் ரொட்டிக்கடைக்காரர். விறகு அடுப்பு. விடியும் முன் மூட்டி, வெயில் ஏறும்போது ரொட்டியை வெளியே எடுப்பார். பருத்த, சிரித்த முகம். எதையும் நம்பிவிடும் சுபாவம். தம்கட்டியின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிவைத்த நாளிலிருந்து, "என் சம்பந்தி உலகத்துக்கே காத்து அளக்கிறவர்" என்று ரொட்டி வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருமுறை சம்பந்தியைப் பார்க்க மலை ஏறியபோது, சங்கிலி தாண்டியதும் அவருடைய சிகரெட்டையும் தம்கட்டி பிடுங்கி எறிந்தார். அதையும் அவர் கடையில் பெருமையாகச் சொன்னார்.

இப்படிப்பட்ட தம்கட்டிதான் கணப்பு மூட்டினார்.

மூட்டியதற்குக் காரணம் முட்டி. வயதானால் மலைக்குக் குளிர் கூடுகிறதா, முட்டிக்குக் கூடுகிறதா தெரியாது. குளிர்காலக் காலைகளில் அவரால் படி ஏற முடியவில்லை. சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள். இளவட்டம் ஒருவன் வந்து சங்கிலியில் நிற்பான். அந்த நினைப்பே அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் கம்பத்துக்கு அருகில், பழைய பம்ப் இருக்கும் கொட்டகையில், ஒரு மண்சட்டியில் கரியைப் போட்டு, நெருப்பு மூட்டி, கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு காய்ந்தார். விடிகாலை தொடங்கிக் காலை டீ வரைக்கும். அப்புறம் எழுந்து மிடுக்காக நடந்துபோய் ஊரை மிரட்டுவார்.

கரி எங்கிருந்து? சம்பந்தியின் அடுப்பில் எரிந்து மிஞ்சியது. "தண்ணி வடிகட்டறதுக்கு" என்று சொல்லி வாங்கி வந்தார்.

அவருடைய மனசாட்சி சும்மா இருந்துவிடவில்லை. முதல் நாளே கேட்டது. அவர் அதற்குப் பதில் சொல்லி உட்கார வைத்தார். 'விறகா எரிக்கிறோம்? கரி. கரிக்குப் புகையே கிடையாது.' வாழ்நாள் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாததை அளந்த மனிதர், தன் சட்டியை மட்டும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். இத்தனைக்கும் கொட்டகைக் கதவை அவர் மூடுவதில்லை. மூடிய அறையில் கரி எரித்தால் ஆள் போய்விடுவான் என்பது அவருக்குத் தெரியும். ஆளைக் கொல்லும் என்று தெரியும், கருவியைத் தொந்தரவு செய்யும் என்று தெரியாதாம். திறந்த கதவு கம்பத்தைப் பார்த்திருந்தது.

இப்படி எத்தனையோ குளிர்காலம் போனது.

பிறகு ஒரு நாள் இளம் ஆய்வாளர் ஒருத்தி, தோளில் கணினிப் பையோடு, சங்கிலிக்கு முன்பே தானாகக் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். தம்கட்டிக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. அவளோ நேராகத் திரைக்கு முன் உட்கார்ந்து, பழைய கோடுகளை எல்லாம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள்.

"ஐயா, இங்க பாருங்க. குளிர்காலத்துல மட்டும், காலையில மட்டும், ஒரு திமில் வருது."

பார்த்தார். நேர்க்கோட்டின் முதுகில் சின்னதாக, வட்டமாக ஒரு திமில். காலையில் எழும்பி, டீ நேரத்தில் அடங்கியது. அந்தத் திமிலின் ஒவ்வொரு வளைவையும் தம்கட்டியின் முட்டி அறியும்.

"இதோட கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஏறுது. அப்படின்னா விறகு, கரி மாதிரி ஏதோ எரியுது. காத்து இந்தத் திசையிலேருந்து வர்றப்பதான் வருது." ஜன்னல் வழியே கை காட்டினாள். "அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

அந்தப் பக்கம் முதலில் பம்ப் கொட்டகை இருந்தது. அதற்கும் அப்பால், மிகவும் கீழே, அடிவாரத்தில் ஒரு புகைபோக்கி.

"ரொட்டிக்கடை மேடம்," என்றார் தம்கட்டி.

பொய்யில்லை. அந்தப் பக்கம் ரொட்டிக்கடை இருந்தது உண்மைதான். ஆனால் ஒரு மனிதர் தன் வாழ்நாளில் சொல்லக்கூடிய உண்மைகளிலேயே கேவலமான உண்மை அது என்று, வாயை மூடும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. காது மடல் சுட்டது. தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

ஆய்வாளர் அவசரக்காரி இல்லை. "கடை ரொம்பக் கீழ இருக்கு. அங்கேருந்து இவ்வளவு வருமான்னு சந்தேகமாத்தான் இருக்கு. ஒரு வாரம் அடுப்பை நிறுத்திப் பார்க்கச் சொல்லலாம். திமில் போயிடுச்சுன்னா அவர்தான், போகலைன்னா வேற" என்றாள். நியாயமான பேச்சு. நியாயத்துக்கும் நமக்கும் நடுவில் ஊர் அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதே. அங்கே உள்ளவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். திமில் மறைந்தால் விறகு அடுப்புக்கு நிரந்தரத் தடை, கடைக்காரர் மின்அடுப்பு வைத்துக்கொள்ளட்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுச் சோதனைக்கு ஒப்புக்கொண்டார்கள். மின்அடுப்பு போட அவருக்கு வழியில்லை. அந்தச் செங்கல் அடுப்பை இடித்தால் கடை என்பது நாலு சுவரும் ஒரு மேஜையும்தான்.

ரொட்டிக்காரர் கோபப்படவே இல்லை. "அறிவியலுக்காகத்தானே? அதுவும் என் சம்பந்தி இடத்துக்காக!" என்று அடுப்பைத் தானே அணைத்தார்.

சோதனை வாரம் முழுக்க ஆய்வாளர் நிலையத்திலேயே தங்கினாள். தம்கட்டிக்குக் கொட்டகைப் பக்கம் போகத் தைரியம் இல்லை. முதல் நாள் சாயங்காலமே மிச்சக் கரியைப் பள்ளத்தில் கொட்டினார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, மேலே பெயிண்ட் டப்பாக்களை அடுக்கினார். கால் நடுங்க, பல்லைக் கடித்துக்கொண்டு காலைகளைக் கழித்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாகத் தன் சட்டத்தைத் தானே மதித்தார்.

அங்கேதான் வந்தது வினை. கணப்பு இல்லை, அதனால் திமில் இல்லை. அடுப்பும் இல்லை, அதனால் பழி அடுப்புக்கு. இவர் திருந்தத் திருந்த, அங்கே சம்பந்தியின் குற்றம் நிரூபணமாகிக்கொண்டே வந்தது.

"சூப்பரா இருக்கு ஐயா! கோடு கண்ணாடி மாதிரி!" என்று ஒவ்வொரு காலையும் ஆய்வாளர் கூப்பிட்டுக் காட்டினாள். தம்கட்டி தலையாட்டினார். கொட்டகைக்குப் போய் ரகசியமாக மூட்டிவிட்டால் திமில் வரும், சம்பந்தி தப்புவார் என்றுகூட யோசித்தார். யோசித்துவிட்டு, அப்புறம் பக்கத்தில் தேடுவார்களே என்று பயந்தார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. ஆனால் அருவருப்பை வைத்துக்கொண்டு ரொட்டி சுட முடியாது.

வீட்டுக்கு மகள் வந்திருந்தாள். குழந்தையை அம்மா மடியில் போட்டுவிட்டு நின்றாள், உட்காரவில்லை.

"அப்பா, மாமா அடுப்புக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு. எரியாத அடுப்பு. அதையே பார்த்துக்கிட்டிருக்காரு. கூப்பிட்டா, 'சும்மா இரும்மா, பழகிக்கிறேன்'ங்கறாரு."

"அறிவியல்னா அப்படித்தான்மா. அதுல சொந்தபந்தம் கிடையாது," என்றார் தம்கட்டி. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மனைவி விட்டாளா? "ஏங்க, மலை மேல உக்காந்துக்கிட்டு ஊர் அடுப்பை எல்லாம் மோந்து பார்க்கிறதுக்கா உங்களுக்கு வேலை கொடுத்தாங்க? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"என்னன்னு சொல்றது?"

"இவரு நம்ம சம்பந்தின்னு சொல்லுங்க."

"அது கருவிக்குத் தெரியாது."

இயக்குநரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன அதே பதில். இப்போது வாயிலிருந்து விழுந்தபோது திருட்டுப் பொருள் மாதிரி இருந்தது. மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கருவிக்கு வேணா தெரியாம இருக்கட்டும். உங்களுக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவருக்குச் சோறு போட்டவள் மகள். மனைவி வரவில்லை.

வாரம் முடிவதற்குள் ரொட்டிக்காரரே மலை ஏறி வந்தார். சங்கிலிக்கு வெகு முன்னாலேயே சிகரெட்டை அணைத்துவிட்டு வந்திருந்தார். வெறுங்கையோடு வந்தார், இத்தனை வருஷத்தில் ரொட்டி இல்லாமல் அவர் வந்ததே இல்லை. தம்கட்டிக்குக் கை கால் ஓடவில்லை. மின்கெட்டிலில் டீ போட்டுக் கொடுத்தார். "சர்க்கரை போதுமா சம்பந்தி?" என்று கேட்டார்.

"போதும் போதும்." ரொட்டிக்காரர் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். என்னை மன்னிச்சுடுங்க."

"எதுக்கு?"

"எதுக்காவா? குளிரு, மழைன்னு பார்க்காம இங்க தம் கட்டி நின்னீங்க. கீழ நான் ஒருத்தன் அதை எல்லாம் பாழாக்கிக்கிட்டே இருந்திருக்கேன். அதுவும் சொந்தக்காரன். உங்க பேரைச் சொல்லிச் சொல்லி ரொட்டி வித்தேன், அந்த ரொட்டியாலதான் உங்க வேலையே கெட்டுப்போச்சுன்னா... எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல சம்பந்தி."

பூமி பிளந்து விழுங்கும் என்று சொல்வார்கள். மலைகள் அப்படிச் செய்வதில்லை. தம்கட்டி நின்ற இடத்திலேயே நின்றார். 'நான்தான்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "அதெல்லாம்... விடுங்க சம்பந்தி" என்று மன்னித்தார். ஆம், மன்னித்துவிட்டார்! ரொட்டிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கிப்போனார்.

அந்தக் கையைத் தம்கட்டி இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். அழுத்தம் போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் கருவி அறைக் கதவில் நின்றார். உள்ளே போகாமல், வாசல்படியில் நின்றபடியே சொன்னார். "மேடம், ரொட்டிக்கடை இல்ல. நான்தான். அந்தக் கொட்டகையில கணப்பு மூட்டி முட்டி காய்ஞ்சேன்."

ஆய்வாளர் எழுந்துவந்தாள். அவள் முகத்தில் அவர் எதிர்பார்த்த எதுவுமே இல்லை. இரக்கம் இருந்தது.

"ஐயா, அவர் உங்க சம்பந்தின்னு நேத்துதான் கேள்விப்பட்டேன். அவருக்காகப் பழியை நீங்க ஏத்துக்கிறீங்க. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!"

"பெரிய மனசும் இல்ல ஒரு மண்ணும் இல்ல மேடம்! நான்தான் பண்ணேன்!"

"நீங்களா? இயக்குநரையே இறக்கி நடக்கவிட்ட நீங்களா?" அவள் சிரித்தாள். "இங்க சேர்ற எல்லாருக்கும் முதல்ல சொல்ற கதையே அதுதான்."

நல்ல பெயர் எடுப்பது கஷ்டம் என்கிறார்கள். எடுத்த நல்ல பெயரைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தம்கட்டி கண்டுகொண்டார். கையோடு அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய்ச் சட்டியைக் காட்டினார். அவரே பளபளவென்று கழுவிய சட்டி. மேலே பெயிண்ட் டப்பா.

"இது பெயிண்ட் டப்பா வைக்கிற சட்டிங்க," என்றாள் ஆய்வாளர் மென்மையாக.

"கரி இருந்துச்சு. நான்தான் பள்ளத்துல கொட்டிட்டேன்."

"சரி ஐயா. நீங்க சொல்றது நிஜம்னா, எனக்குப் பேச்சு வேணாம். மூட்டிக் காட்டுங்க. திரையில வந்தா ஒத்துக்கிறேன்."

மூட்டலாம். கரி வேண்டும். ஊரில் கரிக்கு இருந்தது ஒரே இடம்.

மலை இறங்கினார். ரொட்டிக்கடையில் மகள் சொன்னதுபோலவே நாற்காலி, அதில் அவர், எதிரே வாயைத் திறந்து கிடக்கும் குளிர்ந்த அடுப்பு. கடையில் மாவு வாசனைகூட இல்லை.

"வாங்க சம்பந்தி!" எழுந்தார். "உக்காருங்க. என்ன இந்த நேரத்துல?"

"கொஞ்சம் கரி வேணும்."

"தண்ணி வடிகட்டவா? இருங்க, கடைசிக் கரி கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். இனிமே கிடைக்காதில்ல."

"தண்ணி வடிகட்ட இல்ல." தம்கட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். "எப்பவுமே அதுக்கில்ல. கணப்பு மூட்ட. கம்பத்துக்குப் பக்கத்துல. அந்தத் திமில் உங்களுது இல்ல சம்பந்தி, என்னுது. அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு கேட்டாங்க. உங்க கடைன்னு நான்தான் கையைக் காட்டினேன்."

ரொட்டிக்காரருக்குப் புரிய நேரமானது. நம்பிவிடும் சுபாவம் உள்ளவர்களுக்கு நம்பாமல் இருக்கப் பழக்கம் போதாது. முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து, பிறகு மெல்லக் கழன்றது.

"கழுவிக் கொடுத்தேனே," என்றார்.

"என்னது?"

"கரியை. குடிக்கிற தண்ணிக்காச்சேன்னு நல்ல கரியாப் பொறுக்கி, கழுவி, வெயில்ல காயவச்சுக் கொடுப்பேனே சம்பந்தி."

தம்கட்டிக்குத் தெரியாது. கரி ஏன் எப்போதும் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. நன்றாகப் பற்றிக்கொள்ளும், அது தெரியும்.

"நேத்து நான் வந்து மன்னிப்புக் கேட்டேன். அப்பவும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதானா டீ குடுத்தீங்க?"

"ஆமா."

"சர்க்கரை போதுமான்னு வேற கேட்டீங்க."

ஒரு அறை விட்டிருந்தால் தம்கட்டி வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பார். ரொட்டிக்காரர் விடவில்லை. மூலையில் இருந்த கரிப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"குடுங்க, நான் தூக்கறேன்."

"வேணாம். உங்க முட்டிக்குத்தான் இத்தனை பாடு. அதுக்கு இன்னும் நோவு குடுப்பானேன்? நடங்க."

மலை ஏறினார்கள். முன்னால் கரி மூட்டை போனது, பின்னால் குற்றவாளி போனார்.

கொட்டகையில் ஆய்வாளர் தயாராக இருந்தாள். அவளுக்கு எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும். "கதவு எவ்வளவு திறந்திருக்கும்? அவ்வளவே திறங்க. சட்டி எங்க இருக்கும்? சரி. நீங்க எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க ஐயா. எதையும் மாத்தக் கூடாது."

எதையும் மாற்றாமல் தம்கட்டி பம்ப் மேடையில் உட்கார்ந்தார். கால்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டினார். ஆய்வாளரும் சம்பந்தியும் நின்று பார்த்திருக்க, இரண்டு முட்டியையும் நெருப்புக்குக் காட்டினார். ஊரையே நடுங்க வைத்த மனிதரின் முட்டி இரண்டும் வெளுத்து, வீங்கி, குழந்தை மாதிரி இருந்தன. கரி சிவந்தது. துளிப் புகை இல்லை. வெட்கக்கேடு, இதமாக வேறு இருந்தது.

ஆய்வாளர் அறைக்கு ஓடினாள். சற்று நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது. "ஏறுது! ஏறுது! ஐயா, அசையாதீங்க! அதே திமில்!"

பிறகு வெளியே வந்தவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். அந்த மகிழ்ச்சி அந்த இடத்துக்குப் பொருந்தாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். "அறிக்கையில எழுதித்தான் ஆகணும் ஐயா. குளிர்காலக் காலைகளை எல்லாம் கணக்கிலேருந்து ஒதுக்கிடுவோம். உங்க பேரைப் போடமாட்டேன்."

"வேற என்னன்னு போடுவீங்க?"

"அருகிலுள்ள மாசு மூலம்."

தம்கட்டி தலையாட்டினார். வாழ்நாள் சேவைக்கு அறிவியல் கொடுத்த பதவி. இனி யார் அந்தக் கோட்டைத் திறந்து பார்த்தாலும், அவர் தம் கட்டி நின்ற காலங்களுக்கு நடுவே வெட்டி எடுத்த ஓட்டைகள் தெரியும். ஒவ்வொரு ஓட்டையிலும் அவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"அப்ப என் அடுப்பு?" என்றார் ரொட்டிக்காரர்.

"நீங்க தாராளமா மூட்டலாம். ஊர் அலுவலகத்துக்கு இப்பவே போன் போடறேன். இந்தத் திமிலுக்கும் உங்களுக்கும் சம்பந்தமே இல்ல."

"அது புரியுது மேடம். என் அடுப்புலேருந்து வர்றது எங்க போகுதுன்னு கேக்கறேன்."

ஆய்வாளர் தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாத வயசு. "அது... எங்கயும் போகாது. கலந்துடும். திமிலா வராது, கோடா வரும். இங்க வர்றதுல யாரோ எங்கயோ மூட்டினது இருக்கும். நீங்க மூட்டினது வேற யாரோட மலையிலயோ வரும். காட்டுல திரும்ப மரம் வளர்ந்தா அது கொஞ்சம் இழுத்துக்கும். வெட்டின வேகத்துக்கு வளரணும்."

"எங்க வளருது?" என்றார் ரொட்டிக்காரர், யாரையும் பார்க்காமல். கழுவி எடுத்த நிரபராதியாக நின்றவர் முகத்தில் ஒரு நிழல் விழுந்தது. சங்கிலிக்குக் கீழே நிற்கும் தன் கார் ஆய்வாளருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டாள். கொட்டகைக்குள் மூன்று பேர், சிவந்த கரியைச் சுற்றி, ஆளுக்கொரு திசையைப் பார்த்தார்கள். குளிராக இருந்ததால் யாரும் நகரவில்லை.

தம்கட்டிக்கு வேலை போகவில்லை. போயிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஊர் சிரித்தது, சங்கிலியில் நின்றால், "முட்டி சூடா இருக்கா?" என்று பஸ்ஸிலிருந்து கத்தினார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கான எண்ணெயைக் காய்ச்சி முட்டியில் தேய்த்தாள், கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

அடுப்பு மறுபடி மூட்டும் நாளன்று, விடியும் முன் தம்கட்டி ரொட்டிக்கடைக்குப் போனார். யாரும் கூப்பிடவில்லை. கேட்காமலே விறகை எடுத்துக்கொடுக்க ஆரம்பித்தார். ரொட்டிக்காரரும் போகச் சொல்லவில்லை, வாங்கி அடுக்கினார். மாவு பிசைந்து எழும்பிக் காத்திருந்தது. வெளியே இருட்டில் ஒரு வாரமாக ரொட்டி பார்க்காத ஊர் வரிசையில் நின்று இருமிக்கொண்டிருந்தது.

தீப்பெட்டியை எடுத்தார் ரொட்டிக்காரர். குச்சியை உரசாமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"பத்த வைங்க சம்பந்தி. ஜனங்க நிக்கறாங்க."

"முன்னெல்லாம் பாட்டு பாடிக்கிட்டே பத்தவைப்பேன்."

"தெரியும்."

"இப்ப நீங்க பார்த்துக்கிட்டு நின்னா கை வரமாட்டேங்குது. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன்."

தம்கட்டி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் குச்சி உரசும் சத்தம் கேட்டது.